வல்லவனும் புல்லும்: வெல்கம், 2004 ஏப்ரல் 18

பைக் பந்தயத்தைப் பற்றிப் பேச்சு எழும் இடங்களில் எல்லாம் தீர்ப்பு வராத வழக்கு ஒன்று உண்டு. ஜெயித்தது வண்டியா, ஓட்டியவரா? தோற்றவர் வண்டியைக் குறை சொன்னால், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று மடக்குகிறோம். தொடர்ந்து ஜெயிப்பவரைப் பார்த்தாலோ, அந்த வண்டி கிடைத்தால் யார்தான் ஜெயிக்க மாட்டார்கள் என்கிறோம். இரண்டையும் சொல்வது பெரும்பாலும் ஒரே வாய்தான்.

ஒரு வீரரை ஜாம்பவான் என்று அழைப்பதில் உள்ள சிக்கலும் இதுவே. பட்டங்களின் எண்ணிக்கையை அளவுகோலாக வைத்தால் வேலை எளிது. ஆனால் இந்த விளையாட்டே அந்த அளவுகோலை முழுமையாக ஏற்றுக்கொண்டதில்லை. உலக பைக் பந்தயத் தொடரான மோட்டோஜிபியின் அமைப்பு அதிகாரபூர்வமாக வைத்திருக்கும் ஜாம்பவான்கள் பட்டியலில், அந்நாளில் உச்சப் பிரிவாக இருந்த 500 சிசியில் நான்கு முறை இரண்டாமிடம் பிடித்தும் ஒருமுறைகூட உலகப் பட்டம் வெல்லாத ராண்டி மமோலா இருக்கிறார். உச்சப் பிரிவில் ஒரு பந்தயத்தைக்கூட வெல்லாமல் 2011இல் செபாங் களத்தில் உயிரிழந்த மார்கோ சிமோன்செல்லியும் இருக்கிறார். அப்படியானால் அந்தப் பெயரை ஒருவருக்குப் பெற்றுத்தருவது எது? வண்டியா, ஓட்டியவரா என்ற வழக்கை ஊரறிய விசாரணைக்குக் கொண்டுவந்து, அதில் தன்னையே பணயம் வைப்பதுதான் என்பது என் கருத்து. அதைச் சோதித்துப் பார்க்க, வாலன்டினோ ரோஸி 2004இல் ஹோண்டாவை விட்டு யமஹாவுக்கு மாறி, தென்னாப்பிரிக்காவின் வெல்கம் நகரில் முதல் பந்தயத்தையே வென்ற நிகழ்வைவிடப் பொருத்தமான சான்று கிடையாது. அந்தச் சான்றை முழுதாகப் பார்க்கும்போது, அவருடைய ரசிகர்கள் சொல்லும் கதையும் அவ்வளவு சுத்தமாக நிற்பதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஹோண்டாவில் இருந்த மனிதர்

1979இல் இத்தாலியின் உர்பினோவில் பிறந்து, பக்கத்தில் உள்ள தவூல்யா என்ற சிற்றூரில் வளர்ந்தவர் ரோஸி. தந்தை கிரசியானோவும் பந்தய வீரர். 46 என்ற எண் அவரிடமிருந்து மகனுக்கு வந்தது. அப்ரிலியா வண்டியில் 1997இல் 125 சிசி பட்டம், 1999இல் 250 சிசி பட்டம். அதன் பிறகு ஹோண்டாவில் 2001இல் 500 சிசி பிரிவின் கடைசிப் பட்டமும், அது மோட்டோஜிபியாக உருமாறியபின் 2002, 2003 பட்டங்களும். அந்த மூன்று ஆண்டுகளில் நடந்த 48 பந்தயங்களில் 31ஐ அவரே வென்றார். ஜெயித்தபின் அவர் அடித்த கூத்துகள் தனிக்கதை: 1999இல் ஹெரெஸ் களத்தில் வெற்றி லேப்பின் (களத்தை ஒருமுறை சுற்றிவருவது) நடுவே வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் களத்தோரக் கழிப்பறைக்குள் நுழைந்து வந்தவர் அவர்.

இவ்வளவும் இருந்தும், அல்லது இவ்வளவும் இருந்ததாலேயே, 2003 முழுவதும் ஒரு முணுமுணுப்பு அவரைத் தொடர்ந்தது. அந்த ஆண்டு நடந்த 16 பந்தயங்களில் 15ஐ வென்றது ஹோண்டா. ரோஸி ஒன்பது, சேட்டே ஹிபெர்னாவ் நான்கு, மேக்ஸ் பியாஜி இரண்டு. மிஞ்சிய ஒன்றை டுகாட்டியில் லோரிஸ் காப்பிரோஸி பிடித்தார். மூன்று வெவ்வேறு வீரர்கள் ஒரே வகை வண்டியில் ஜெயித்துக்கொண்டிருக்கும்போது பெருமை யாருக்குப் போகும் என்று கேட்கத் தேவையில்லை. ஹோண்டாவின் ஐந்து சிலிண்டர் ஆர்சி211வி அந்தக் காலத்தின் ஆகச்சிறந்த பந்தய வண்டி என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. வண்டியே முதன்மை, ஓட்டுபவர் அதன் ஒரு பாகம் என்று நினைக்கும் இடமாக ஹோண்டா தனக்குத் தோன்றியதாக ரோஸி பின்னாளில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்.

அந்த ஆண்டு பிலிப் ஐலண்டில் நடந்ததைச் சற்று நின்று பார்க்கலாம். மஞ்சள் கொடி காட்டப்பட்ட இடத்தில் முந்தியதற்காக அவருக்குப் பந்தயத்தின் நடுவே பத்து நொடி அபராதம் விதித்தார்கள். செய்தி பலகையில் தெரிந்ததும் அவர் வேகத்தைக் கூட்டினார். இரண்டாவதாக வந்த காப்பிரோஸியைவிடப் பதினைந்து நொடிகள் முன்னால் கோட்டைக் கடந்து, அபராதத்தைக் கழித்தபின்னும் ஐந்து நொடி வித்தியாசத்தில் ஜெயித்தார். ஓட்டியவரின் பக்கம் வாதாடுவதற்கு இதைவிட நல்ல சாட்சி எது? ஆனால் எதிர்த்தரப்புக்கும் இதே சாட்சி உதவியது. முறுக்கினால் இவ்வளவு வேகம் தர ஒரு வண்டி தயாராக இருந்ததே, அது யாருடைய வண்டி என்று அவர்கள் கேட்டார்கள். ஹோண்டாவில் இருக்கும்வரை அவர் எதைச் செய்தாலும் அது இரு தரப்புக்கும் ஆதாரமாகிவிடும் நிலை இருந்தது.

யமஹா என்ற புல்

யமஹாவின் நிலையை ஒரே எண்ணில் சொல்லலாம்: 2003 முழுவதும் அந்த நிறுவனத்தின் ஐந்து வீரர்களும் சேர்ந்து பெற்ற மேடையிடம் (முதல் மூன்று இடங்களுள் ஒன்று) ஒன்றே ஒன்று. பிரான்ஸின் லு மான் பந்தயத்தில் அலெக்ஸ் பாரோஸ் பெற்ற மூன்றாமிடம் அது. உச்சப் பிரிவில் யமஹா கடைசியாகப் பட்டம் வென்றது 1992இல், வெய்ன் ரெய்னியுடன்.

அங்கே போவது என்று ரோஸி முடிவெடுத்தார். 2003இன் கடைசிப் பந்தயமான வலென்சியாவை ஹோண்டாவில் வென்றுவிட்டு விலகினார். ஒப்பந்தம் டிசம்பர் 31 வரை இருந்ததால், அதற்கு முன் யமஹாவைத் தொட ஹோண்டா அனுமதிக்கவில்லை. பொதுவாகப் பந்தயப் பருவம் முடிந்த மறுவாரமே வீரர்கள் புதிய வண்டியில் ஏறிப் பார்ப்பார்கள். ரோஸிக்கு அந்த இரண்டு மாதங்களும் போயின. அவருடன் ஜெரமி பர்ஜஸ் வந்தார். மிக் டூஹன் 1994 முதல் 1998 வரை தொடர்ந்து வென்ற ஐந்து பட்டங்களின்போதும் வண்டியைத் தயார்செய்த ஆஸ்திரேலியத் தலைமை மெக்கானிக் அவர். பர்ஜஸுடன் அவருடைய மெக்கானிக்குகளில் பெரும்பாலானோரும் வந்தார்கள்.

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பது நம்மிடம் புழங்கும் பழமொழி. ரசிகர்கள் வெல்கம் வெற்றியைச் சொல்லும்போது இந்தப் பழமொழியைத்தான் வேறு வேறு மொழிகளில் சொல்கிறார்கள்: மட்டமான வண்டி, மகத்தான வீரர், அவ்வளவுதான். என் சந்தேகம் இங்கே தொடங்குகிறது. அவர் வெல்கத்தில் ஓட்டிய வண்டி, 2003இல் பாரோஸும் மற்றவர்களும் தடுமாறிய அதே வண்டி அல்ல.

செபாங்கில் நான்கு இன்ஜின்கள்

யமஹாவின் பந்தயப் பிரிவைச் சீர்செய்ய 2003இல் அனுப்பப்பட்டவர் மசாவோ ஃபுருசாவா. அதிர்வுகளை ஆராய்வதில் தேர்ந்த பொறியாளர். பந்தய உலகத்துக்கு வெளியிலிருந்து வந்தவர். அவர் பிடித்துக்கொண்ட பிரச்சினை விளக்கத் தகுந்தது, ஏனென்றால் இந்த நிகழ்வின் மையமே அதுதான்.

நான்கு சிலிண்டர்கள் வரிசையாக நிற்கும் சாதாரண இன்ஜினில், ஓரத்து இரண்டு பிஸ்டன்கள் மேலேறும்போது நடுவிலுள்ள இரண்டும் கீழிறங்கும். திசை மாறும் கணத்தில் நான்கும் ஒருசேர நிற்கும். பாதி வழியில் நான்கும் ஒருசேர உச்ச வேகத்தில் ஓடும். நின்றதை ஓடவைக்க, பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் விசையைக் கொடுக்க வேண்டும். ஓடுவதை நிறுத்தும்போது அந்த விசை அதற்கே திரும்பும். இன்ஜின் வெகுவேகமாகச் சுழலும்போது இந்தக் கொடுக்கல் வாங்கல் பெரும் ஏற்ற இறக்கமாகி, பெட்ரோல் எரிந்து கிடைக்கும் விசையோடு கலந்து பின்சக்கரத்துக்குப் போகிறது. ஓட்டுபவரின் வலக்கை கேட்பது ஒன்று, டயர் பெறுவது அதோடு கலந்த வேறொன்று. பழைய வானொலியில் பாட்டோடு கரகரப்பும் சேர்ந்து வருவதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். ஃபுருசாவாவும் இதைச் சமிக்ஞை, இரைச்சல் என்ற சொற்களில்தான் விளக்கினார். வளைவில் வண்டி முழுதாகச் சாய்ந்திருக்க, டயரின் ஓரத்தில் ஒரு சிறு பரப்பு மட்டும் தரையைப் பிடித்திருக்கும்போது, அந்தக் கரகரப்பு பிடிப்பைக் கெடுக்கும். அதைவிட முக்கியமாக, எவ்வளவு பிடிப்பு மீதமிருக்கிறது என்பதைக் கையால் உணரும் திறனைக் கெடுக்கும்.

அவர் கண்ட தீர்வு, கிராங்க் ஷாஃப்டின் நான்கு முனைகளையும் சிலுவை வடிவில் 90 பாகைக்கு ஒன்றாக வைப்பது. இரண்டு பிஸ்டன்கள் நிற்கும்போது மற்ற இரண்டும் உச்ச வேகத்தில் இருக்கும். ஒன்று விடும் விசையை மற்றொன்று வாங்கிக்கொள்ளும். இரைச்சல் பெருமளவு அடங்கிவிடும். விலையாக, எரிப்பு சீரான இடைவெளியில் நிகழாமல் 270, 180, 90, 180 பாகைகள் என்று தாளம் தப்பியதுபோல நிகழும். சீராகக் கீச்சிடும் நான்கு சிலிண்டர் ஓசை போய், விட்டுவிட்டு உறுமும் ஓசை வரும்.

2004 ஜனவரியில் மலேசியாவின் செபாங் களத்தில் ரோஸியின் முன் வைக்கப்பட்டவை நான்கு வகை இன்ஜின்கள்: சிலிண்டருக்கு ஐந்து வால்வுகள் அல்லது நான்கு வால்வுகள், சீரான எரிப்பு அல்லது சீரற்ற எரிப்பு. ஐந்து வால்வு என்பது யமஹா பல்லாண்டுகளாகத் தன் அடையாளமாகப் பெருமையோடு வைத்திருந்த தொழில்நுட்பம். ரோஸி நான்கையும் ஓட்டிப் பார்த்துவிட்டு, நான்கு வால்வும் சீரற்ற எரிப்பும் கொண்டதைத் தேர்ந்தெடுத்தார்.

இந்தக் கட்டத்தைப் பெரும்பாலானோர் ஒரு வரியில் கடந்துபோகிறார்கள். எனக்கோ, வெல்கத்தில் நடந்த எதைவிடவும் இதுதான் முக்கியமாகத் தெரிகிறது. கணக்கில் சரியாக இருந்த ஒன்றை, ஒரு மனிதர் தன் வலது மணிக்கட்டாலும் இடுப்பாலும் உணர்ந்து, சரிதான் என்று உறுதிப்படுத்தினார். ஃபுருசாவாவிடம் தீர்வு இருந்தது. யமஹாவின் பழைய பெருமையை ஓரங்கட்டி அந்தத் தீர்வின் பக்கம் நிற்க, யாரும் மறுத்துப் பேச முடியாத ஒருவரின் சொல் தேவைப்பட்டது. மட்டமான வண்டியில் ஏறி ஜெயித்தார் என்பது பாதி உண்மை. எது நல்ல வண்டி ஆகும் என்று இனங்கண்டு சொன்னார் என்பதே மீதிப் பாதி, கனமான பாதியும்கூட.

28 லேப்கள்

ஏப்ரல் 18. தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்க நகரமான வெல்கம், ஃபகீசா களம். நான்கு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் லேப், வளைவுகள் மிகுதி, பெரிய நேர்பாதை கிடையாது. உச்ச வேகத்தில் ஹோண்டாவுக்கு இருந்த மேன்மை அங்கே முழுதாகப் பலன் தராது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். விசாரணை நடந்த இடம் ரோஸிக்கு ஓரளவு சாதகமானதுதான். தகுதிச் சுற்றில் அவரே முதலிடம் பிடித்தார்.

பந்தயத்தில் அவருக்கு எதிராக நின்றவர் மேக்ஸ் பியாஜி. கதை எழுதுபவர்கள்கூட இப்படி அமைக்கத் தயங்குவார்கள். இருவரும் இத்தாலியர்கள், இருவருக்கும் ஆகாது. 2001இல் பார்சிலோனாவில் மேடைக்குப் போகும் வழியிலேயே கைகலப்பு வரை போனது. மேலும், 1999 முதல் நான்கு ஆண்டுகள் யமஹாவை ஓட்டிவிட்டு ஹோண்டாவுக்கு மாறியவர் பியாஜி. அவர் விட்டுவந்த வண்டியில் ரோஸி, ரோஸி விட்டுவந்த வண்டியில் அவர்.

மற்றவர்கள் பின்தங்க, 28 லேப் பந்தயத்தின் முடிவுவரை இவ்விருவரும் ஒருவரையொருவர் துரத்திக்கொண்டே ஓட்டினார்கள். முன்னிலை கைமாறியபோதெல்லாம் ரோஸி அதைத் திரும்பப் பிடித்தார். முடிவில் வித்தியாசம் 0.210 நொடி. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டிக்கு அது ஏறத்தாழ 12 மீட்டர். ஒரு பேருந்தின் நீளம். மூன்றாவதாக வந்த ஹிபெர்னாவ் ஏழு நொடிகள் பின்னால் இருந்தார். அடுத்தடுத்த இரண்டு உச்சப் பிரிவுப் பந்தயங்களை இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் வண்டிகளில் வென்ற முதல் வீரர் என்ற பெயர் அன்று ரோஸிக்குக் கிடைத்தது.

அதன் பின் நடந்ததை ஒளிப்பதிவில் பார்த்தவர்கள் மறப்பதில்லை. கழிப்பறைக் கூத்து அடித்த மனிதர், அன்று எந்த வேடமும் போடவில்லை. களத்தின் ஓரத்தில் வண்டியை நிறுத்தி இறங்கி, தடுப்பில் சாய்ந்து உட்கார்ந்து, ஹெல்மெட்டோடு தலையைக் குனிந்துகொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். ஹெல்மெட்டுக்குள் சிரித்துக்கொண்டிருந்ததாக அவர் பிறகு சொன்னார். எழுந்து வந்து வண்டியைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டார். ஹோண்டாவை நோக்கி விரல் நீட்டாமல், தன் பக்கத்தில் நின்ற வண்டிக்குப் பெருமையைக் கொடுத்தது, அவர் நடத்திய காட்சிகளிலேயே நுட்பமானது என்று நினைக்கிறேன்.

பருவத்தின் மீதிக் கதை ஏறி இறங்கியே போனது. அடுத்த இரண்டு பந்தயங்களிலும் நான்காமிடம்தான். வெல்கம் தற்செயலோ என்ற கேள்வி எழுந்தது. முஜெல்லோ, பார்சிலோனா, ஆசென் என்று தொடர்ந்து மூன்று வெற்றிகள் அதற்குப் பதில் சொல்லின. ரியோவில் விழுந்தார். கத்தாரில், வண்டி புறப்படும் இடத்தில் தரையின் பிடிப்பைக் கூட்ட அவருடைய குழுவினர் செய்த வேலைக்காகக் கடைசி வரிசைக்குத் தள்ளப்பட்டு, அங்கும் விழுந்தார், ஹிபெர்னாவ் ஜெயித்தார். ஹிபெர்னாவின் கடைசி கிராண்ட் பிரி வெற்றியாக அது அமைந்துவிட்டது. அக்டோபரில் பிலிப் ஐலண்டில் அதே ஹிபெர்னாவை 0.097 நொடியில் வென்று பட்டத்தை உறுதிசெய்தார் ரோஸி. ஒன்பது வெற்றிகள், 304 புள்ளிகள்.

லாசன் ஏன் அப்படி நினைக்கப்படவில்லை

ஒரு நிறுவனத்தை விட்டு இன்னொன்றுக்குப் போய் மறு ஆண்டே பட்டத்தைத் தக்கவைத்தவர் ரோஸிக்கு முன்பும் ஒருவர் இருந்தார். அமெரிக்கரான எடி லாசன் 1988இல் யமஹாவில் வென்றார், 1989இல் ஹோண்டாவில் வென்றார். 1992இல் ஹங்கேரியில் இத்தாலியின் சின்னஞ்சிறு நிறுவனமான கஜீவாவுக்கு அதன் முதல் கிராண்ட் பிரி வெற்றியையும் பெற்றுத்தந்தார். நான்கு பட்டங்கள், மூன்று நிறுவனங்களின் வண்டிகளில் வெற்றி. ஜாம்பவான்கள் பட்டியலில் அவரும் உண்டு. ஆனால் தெருவில் போகும் ஒருவரை நிறுத்தி லாசன் யார் என்று கேட்டால் பதில் வராது.

கூத்தும் கும்மாளமும் தெரிந்தவர் ரோஸி, அமைதியானவர் லாசன், அதனால்தான் என்று சொல்வது எளிது. அது ஒரு பங்கு உண்மையும்கூட. அதைவிடப் பெரிய வேறுபாடு, போன திசை என்று எனக்குப் படுகிறது. 1989இல் லாசன் போய்ச்சேர்ந்தது வலுவான ஹோண்டாவிடம். ஜெயித்தால் வண்டி என்பார்கள், தோற்றால் அவரைக் குறை சொல்வார்கள். ரோஸியோ மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கிப் போனார். தோற்றிருந்தால், அதுவரை அவர் வென்ற பட்டங்களின் மதிப்பும் சேர்ந்து சரிந்திருக்கும். பணயம் வைத்தது எதிர்காலத்தை மட்டும் அல்ல, கடந்தகாலத்தையும்.

பலிக்காத இரண்டாவது சோதனை

ஆய்வு என்று சொல்லிக்கொண்டு 2004உடன் நிறுத்தினால் அது நேர்மையாகாது. 2011இல் ரோஸி அதே சோதனையைத் திரும்பச் செய்தார். இம்முறை டுகாட்டி, இத்தாலிய வீரர், இத்தாலிய வண்டி, கூடவே பர்ஜஸ். ஆஸ்திரேலிய வீரர் கேசி ஸ்டோனர் 2007இல் பட்டம் வென்றதும், 2010இல் மூன்று பந்தயங்களை வென்றதும் டுகாட்டியில்தான். இரண்டு பருவங்கள் ஓட்டிய ரோஸிக்குக் கிடைத்தவை மூன்று மேடையிடங்கள். ஒரு வெற்றிகூட இல்லை. 2011இல் ஏழாமிடம், 2012இல் ஆறாமிடம்.

முன்சக்கரம் தரையைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்ற செய்தி அந்த வண்டியில் கைக்கு வந்துசேரவில்லை என்பது அவருடைய ஓயாத புகார். கார்பன் இழை சேஸியைக் கைவிட்டு அலுமினியச் சட்டத்துக்கு மாறியும் பயன் இல்லை. அதே வண்டியின் முந்தைய வடிவில், அந்தச் செய்தி இல்லாமலேயே ஸ்டோனர் ஜெயித்திருந்தார் என்பதுதான் உறுத்தல். 2011இல் ஹெரெஸ் மழையில் ரோஸி விழுந்து ஸ்டோனரையும் சாய்த்துவிட்டு மன்னிப்புக் கேட்கப் போனபோது, உங்கள் ஆசை உங்கள் திறமையை மிஞ்சிவிட்டதோ என்று ஸ்டோனர் முகத்துக்கு நேரே கேட்டது, கேமராக்களின் முன்னால் நடந்தது. அந்த ஆண்டுப் பட்டம் ஹோண்டாவில் ஏறிய ஸ்டோனருக்கே போனது.

டுகாட்டித் தோல்வி, வெல்கம் வெற்றியைப் பொய்யாக்குகிறதா? இல்லை, அதை விளக்குகிறது. வண்டி சொல்வதைக் கேட்டு, கேட்டதைப் பொறியாளரிடம் எடுத்துச் சொல்லி, அவர் மாற்றித் தருவதை மறுபடி கேட்பது என்ற தொடர்ச்சிதான் ரோஸியின் திறமை. யமஹாவில் மறுமுனையில் ஃபுருசாவா இருந்தார். கையில் நான்கு இன்ஜின்களோடு இருந்தார். டுகாட்டியில் அந்தத் தொடர்ச்சி அறுந்தது. அறுந்த இடத்தில் வெறும் துணிச்சலால் ஈடுகட்டும் ஆற்றல் ஸ்டோனருக்கு இருந்த அளவுக்கு அவருக்கு இல்லை. எந்தப் புல்லும் ஆயுதமாகிவிடவில்லை. குறிப்பிட்ட ஒரு புல், குறிப்பிட்ட ஒரு பொறியாளர் கூர்தீட்டிக் கொடுத்தபோது ஆயுதமாயிற்று.

2013இல் யமஹாவுக்கே திரும்பினார். ஆசெனில் ஜெயித்தார், 2015இல் பட்டத்தை ஐந்து புள்ளியில் தன் அணித்தோழர் ஹோர்கே லொரென்சோவிடம் இழந்தார், 2017இல் மீண்டும் ஆசெனில் தன் 115ஆவது கிராண்ட் பிரி வெற்றியைப் பெற்றார், அதுவே கடைசி. 2021 நவம்பரில் வலென்சியாவில் ஓட்டிய இறுதிப் பந்தயத்தில் அவருக்குப் பத்தாமிடம். ஜெயித்தவர் அவருடைய பயிற்சிக்கூடத்தில் வளர்ந்த பிரான்செஸ்கோ பன்யாயா. 2023இல் நொய்டா அருகே நடந்த இந்தியாவின் முதல் மோட்டோஜிபி பந்தயத்தை வென்ற மார்கோ பெட்செக்கியும் அதே பயிற்சிக்கூடத்துப் பிள்ளைதான். ஓட்டியது ரோஸியின் அணிக்காக.

செபாங்கில் அவர் கைகாட்டிய சிலுவைக் கிராங்க் 2009இல் யமஹாவின் ஆர்1 சாலை வண்டிக்குள் நுழைந்தது. அந்த வண்டி கடந்துபோகும்போது விட்டுவிட்டு உறுமுவது இதனால்தான். பந்தயத்தில் ரோஸியின் நான்கு பட்டங்கள், லொரென்சோவின் மூன்று, ஃபாபியோ குவார்ட்டராரோவின் ஒன்று என எட்டு உலகப் பட்டங்கள் அந்த அமைப்பில் வந்தன. 2026 பருவத்துக்கு, சிலிண்டர்கள் V வடிவில் நிற்கும் வி4 இன்ஜினுக்கு மாறுவதென முடிவெடுக்கும்வரை, இருபத்திரண்டு பருவங்கள், யமஹா அதைக் கைவிடவில்லை.